செயற்கைச் செடி உண்மைச் செடியாகத் தோன்ற என்ன வேண்டும்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: வீட்டில் வெளிச்சம் குறைவு, அடிக்கடி பயணம் போக வேண்டியிருக்கிறது, ஆசையாக வாங்கி வைத்த செடிகள் எல்லாம் சில மாதங்களில் பட்டுப்போகின்றன. ஆகவே தத்ரூபமான செயற்கைச் செடிகளை வைக்க நினைக்கிறீர்கள். ஆனால் வீடு காத்திருப்பு அறையைப் போல ஆகிவிடக் கூடாது என்ற தயக்கமும், காற்று, தூசி, வீட்டுப் பூனை ஆகியவை பற்றிய கவலையும் கூடவே இருக்கின்றன. எந்த வகையை வாங்குவது என்று கேட்டிருந்தாலும், பார்ப்பவரின் கண் எதை வைத்து ஒரு செடியைப் போலி என்று கண்டுகொள்கிறது என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் தாவரவியல் படித்தவன். வீடுகளிலும் அலுவலகங்களிலும் செடிகளை அமைத்துக் கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். உண்மைச் செடி, செயற்கைச் செடி இரண்டையுமே இடத்துக்கு ஏற்பப் பயன்படுத்துகிறேன். உங்கள் அறையை நான் பார்க்கவில்லை என்பதால், எதை எங்கே வைப்பது என்று சொல்லும் இடங்களில் மட்டும் உங்கள் சன்னலையும் சுவரையும் மனத்தில் வைத்துத் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

கடையில் பெரும்பாலோர் இலையைத் தடவிப் பார்த்து, அது மென்மையாக இருந்தால் நல்ல செடி என்று முடிவு செய்கிறார்கள். வீட்டுக்கு வருபவர்கள் ஒருவரும் அப்படித் தடவிப் பார்ப்பதில்லை. அவர்கள் நான்கடி, ஆறடி தொலைவிலிருந்து ஓரக்கண்ணால் ஒரு முறை பார்க்கிறார்கள். அந்த ஒரு பார்வையில் இலையின் நரம்புகளைவிட அந்தச் செடி நிற்கும் விதம்தான் பதிகிறது. உயிருள்ள செடி தான் வாழ்ந்த கதையை உடலில் எழுதி வைத்திருக்கிறது. வெளிச்சம் வந்த திசைக்கு இலைகள் திரும்பியிருக்கும். நுனியில் வெளிர்ந்த தளிரும், அடியில் கரும்பச்சையான முற்றிய இலையும், எங்காவது ஒரு பழுப்பேறிய ஓரமும் இருக்கும். கனமான இலை தன் காம்பைச் சற்றே வளைத்துத் தொங்கும். ஒளி, வயது, எடை ஆகிய இந்த மூன்றின் தடயமும் இல்லாத செடியை, அதன் இலை எவ்வளவு நேர்த்தியாக வார்க்கப்பட்டிருந்தாலும், கண் நம்ப மறுக்கிறது. செருமனியின் டிரெஸ்டன் நகருக்கு அருகில் இருந்துகொண்டு லியோபோல்ட் பிளாஷ்காவும் அவர் மகன் ருடால்ஃபும் 1887 முதல் 1936 வரை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காகச் செய்து கொடுத்த கண்ணாடித் தாவரங்கள் இதற்கு மிகச் சிறந்த சான்று. 780 சிற்றினங்களைக் காட்டும் 4,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் அங்கே இருக்கின்றன. அவற்றில் நோய் தாக்கிய பழங்களும் அழுகத் தொடங்கிய பழங்களும்கூட உண்டு. கண்ணாடி என்று தெரிந்த பிறகும் பார்ப்பவர்கள் மலைத்து நிற்பதற்கு அந்தக் குறைகளுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

ஆகவே வாங்கும்போது முதலில் ஒரே செடியில் உள்ள இலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். செயற்கை இலைகள் அச்சில் வார்க்கப்படுபவை. மலிவான செடிக்கு ஓர் அச்சோ இரண்டு அச்சோதான் இருக்கும், எனவே எல்லா இலையும் ஒரே அளவில், ஒரே வளைவில், ஒரே இடத்தில் ஒரே நரம்புடன் இருக்கும். குறைந்தது மூன்று அளவு இலைகளாவது இல்லாத செடியை நான் கண் மட்டத்தில் வைப்பதில்லை. அடுத்ததாக இலையைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான செடிகளில் இலையின் மேற்பரப்பு அடர்ந்தும் அடிப்பரப்பு வெளிறியும் இருக்கும், அடிப்பக்கத்தில் நரம்பு புடைத்தும் நிற்கும். அடிப்பக்கம் வெறும் தட்டையாக, அச்சின் தையல் கோட்டோடு இருந்தால் அந்தச் செடியை அலமாரியின் உச்சியில் வைக்க முடியாது, ஏனென்றால் அங்கே கீழிருந்து பார்ப்பவருக்கு அடிப்பக்கம்தான் தெரியும். மூன்றாவதாக, காம்பு தண்டோடு சேரும் இடம். வெட்டிச் செருகிய குழாய் போல ஒரு வளையம் அங்கே தெரியுமானால், அது இலைகளால் மறையும் வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொருளைப் பொறுத்தவரை, பாலிஎத்திலீனில் வார்த்தவை தடித்த, மெழுகுத் தன்மையுள்ள இலைகளுக்குப் பொருந்தும். மெல்லிய, ஓரம் நெளிந்த இலைகளுக்குத் துணி இலையே இயல்பாக வரும். பட்டுச் செடி என்ற பெயரில் இன்று விற்கப்படுபவை பெரும்பாலும் பாலியெஸ்டர் துணியே. அதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை.

நிறமும் ஒளியும் இதைவிட நுட்பமான விஷயம். பலர் ஏமாறுவதும் இங்கேதான். உயிருள்ள இலை தன்மேல் விழும் சிவப்பு, நீல ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டு, பச்சையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது, இன்னொரு பகுதியை ஊடுருவ விடுகிறது. அதனால்தான் பின்னாலிருந்து வெயில் படும் இலை மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்கிறது. தடித்த பிளாஸ்டிக் இலைக்கு அந்த ஊடுருவல் கிடையாது. சன்னலுக்கு முன்னால் வைத்தால் அது கறுத்த நிழல் வடிவமாக நிற்கும். துணி இலையோ ஒளியை ஊடுருவ விட்டாலும், அதன் நெசவு இழைகளைக் காட்டிக்கொடுத்துவிடும். செயற்கைச் செடியைச் சன்னலை ஒட்டி, ஒளி பின்னாலிருந்து வரும்படி வைக்காமல், ஒளி முன்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ விழும்படி வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. இன்னொன்று, இலையின் பச்சையமும் தொழிற்சாலைச் சாயமும் ஒரே பச்சையாகத் தோன்றினாலும், அவை ஒளியின் அலைநீளங்களைப் பிரதிபலிக்கும் விதம் வேறு வேறு. கடையின் விளக்கில் இயல்பாகத் தெரிந்த செடி வீட்டு எல்.இ.டி. விளக்கில் நீலம் பாய்ந்து தெரிவது இதனால்தான். பகல் வெளிச்சத்திலும், மாலையில் நீங்கள் போடும் விளக்கிலும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. முடியாவிட்டால், பளிச்சென்ற பச்சையை விட்டுவிட்டு, மஞ்சளோ சாம்பலோ கலந்த மங்கிய பச்சையைத் தேர்ந்தெடுங்கள். பளபளப்பும் அப்படித்தான். இயற்கையிலேயே பளபளக்கும் இலைகள் உண்டு. ஆனால் இலை முழுவதும் ஒரே சீராகப் பளபளப்பது அரிது.

இந்தக் காரணங்களால் சில இனங்கள் செயற்கையாக்குவதற்கு ஒத்துவருகின்றன, சில ஒத்துவருவதில்லை. பாம்புச் செடி, ஜீ ஜீ செடி என்று விற்கப்படும் சாமியோகல்காஸ், ரப்பர் செடி, சதைப்பற்றுள்ள சிறு செடிகள், ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் ஆகியவை உயிரோடு இருக்கும்போதே மெழுகு பூசியது போலத்தான் இருக்கும். ஆர்க்கிட்டின் பூவோ வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும் என்பதால், அது மாறாமல் இருப்பதைக் கண்டு ஒருவரும் உடனே ஐயப்பட மாட்டார்கள். சாம்பல் பச்சை நிறமும் சிறு இலைகளும் கொண்ட ஆலிவ் மரமும் நன்றாக வருகிறது, அதன் இலைகள் தனித்தனியாகக் கண்ணில் படாததால். மாறாக, பெரணியின் மெல்லிய மடல்களைப் போலி செய்வது கடினம். ரோசா, செம்பருத்தி போன்ற குறுகிய ஆயுள் பூக்களை ஆண்டு முழுவதும் ஒரே மலர்ச்சியில் வைத்திருப்பது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். மான்ஸ்டெரா இடைப்பட்டது. உயிருள்ள மான்ஸ்டெராவின் இளம் இலைகளில் கிழிசலோ துளையோ இருக்காது, முதிர முதிரத்தான் அவை தோன்றும். எனவே சிறிய இலைகள் முழுமையாகவும் பெரியவை பிளந்தும் இருக்கும் மான்ஸ்டெராவை வாங்குங்கள். சிறிய இலையிலும் பெரிய இலையிலும் ஒரே எண்ணிக்கையில் துளை போட்டவையே சந்தையில் அதிகம்.

வாங்கி வந்த செடியைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மூலையில் நிறுத்துவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. பெட்டிக்குள் அடங்குவதற்காகக் கிளைகள் எல்லாம் மேல்நோக்கி மடக்கப்பட்டிருக்கும். அடிக்கிளையில் தொடங்கி மேலே போகும்படி ஒவ்வொன்றையும் விரித்து, உள்ளே இருக்கும் கம்பியை ஒரே இடத்தில் மடிக்காமல் நீள வாட்டில் மெல்ல வளைத்துக்கொண்டு வாருங்கள். அடியிலுள்ள பெரிய இலைகளைக் கிடைமட்டத்துக்குச் சற்றுத் தாழ இறக்குங்கள். நுனித் தளிரை நிமிர்த்தே வையுங்கள். பிறகு அறையில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, இலைகளின் முகத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். சுவர்ப்பக்கம் இலை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, உண்மைச் செடியிலும் இருட்டுப் பக்கம் அப்படித்தான் இருக்கும். நாற்புறமும் ஒரே அடர்த்தியாக, பூங்கொத்துப் போல உருண்டு நிற்கும் செடி ஒரு சன்னலை மட்டும் பார்த்து வளர்ந்ததாக நம்பவைக்காது. இரண்டு மூன்று இலைகளைக் கழற்றிவிடக்கூட நான் தயங்குவதில்லை. துணி இலையில் மடிப்புத் தழும்பு இருந்தால், ஆவி இஸ்திரியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து நீவிவிடலாம். பிளாஸ்டிக் இலைக்கு வெதுவெதுப்பான காற்றே போதும், சூடு மிகுந்தால் இலை உருக்குலைந்துவிடும்.

அதைவிட முக்கியமானது தொட்டி. செயற்கைச் செடியோடு வரும் சிறிய கறுப்புத் தொட்டி, ஆறடிச் செடியைத் தாங்கும் வேரை ஒருபோதும் கொள்ளாது என்பதைத் தோட்டம் போடாதவர்கள்கூட உள்ளூர உணர்கிறார்கள். அதை மண்ணாலோ பீங்கானாலோ செய்த கனமான வெளித்தொட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் கல்லோ மணலோ நிரப்பி உறுதிப்படுத்துங்கள். உயரமான செடி சாய்ந்து குழந்தையின் மேல் விழாமல் இருப்பதற்கும் இந்த எடை தேவை. விளிம்புக்கு ஓரிரு அங்குலம் கீழே வரை நிரப்பிவிட்டு, மேலே உண்மையான மண்ணையோ தென்னை நார்த்தூளையோ மரப்பட்டைத் துண்டுகளையோ பரப்புங்கள். நன்றாக உலர்த்திய பிறகே பரப்ப வேண்டும், ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். தண்டு மண்ணுக்குள் இறங்கும் அந்த இடத்தில் உண்மைப் பொருள் இருந்துவிட்டால், மேலே இருப்பதையும் கண் தாராளமாக ஏற்றுக்கொள்கிறது. செலவைப் பிரிப்பதென்றால் செடிக்கு ஆகும் பணத்தில் கொஞ்சத்தைக் குறைத்துத் தொட்டிக்குக் கொடுங்கள் என்றே சொல்வேன்.

எங்கே வைப்பது என்பதற்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு: அந்த இடத்தில் அந்த இனம் உயிரோடு இருந்திருக்க முடியுமா? வெளிச்சம் குறைந்த நடையில் கள்ளிச் செடியை வைத்தால், தாவரவியல் தெரியாதவருக்கும் ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றும். அங்கே பாம்புச் செடி நிற்கலாம். அலமாரியின் உச்சி, மாடிப்படியின் திருப்பம் போல, கை எட்டாததால் தண்ணீர் ஊற்ற முடியாத, ஆனால் ஓரளவு வெளிச்சம் உள்ள இடங்களே செயற்கைச் செடிக்கு உகந்தவை. முடிந்தால் எளிதில் சாகாத உண்மைச் செடி ஒன்றை, மணி பிளான்ட் போன்ற ஒன்றை, உட்காரும் இடத்துக்கு அருகில் வையுங்கள். பக்கத்தில் இருப்பது உயிருள்ளது என்று ஒருமுறை உறுதியானபின் தொலைவில் இருப்பதைச் சோதிக்க ஒருவருக்கும் தோன்றாது. பூனை இருக்கும் வீட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு, கீழே சொல்கிறேன். எத்தனை செடி என்று கேட்டால், ஓர் அறைக்கு ஒன்று பெரியது, ஒன்றிரண்டு சிறியவை. அதற்குமேல் போனால் கண்காட்சியாகிவிடும்.

வண்ணம் மங்குவதைப் பற்றித் தெளிவாகச் சொல்லக்கூடியது இது. சாயங்களைச் சிதைப்பதில் புற ஊதாக் கதிருக்குப் பெரும்பங்கு உண்டு. சாதாரணச் சன்னல் கண்ணாடி அதில் பி வகையின் பெரும்பகுதியைத் தடுத்தாலும் ஏ வகையில் கணிசமான பகுதியை உள்ளே விடுகிறது. எனவே வீட்டுக்குள்தானே இருக்கிறது என்று நேர் வெயிலில் வைத்தால் பச்சை மெல்ல நீலமாகவோ வெளிறியோ போகும். வெளிப்புறப் பயன்பாட்டுக்கென்று விற்கப்படும் செடிகளில் ஒளிச்சிதைவைத் தடுக்கும் வேதிப்பொருள் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருக்கும்; பால்கனிக்கு அவற்றைத்தான் வாங்க வேண்டும். பின்னால் அடித்துக்கொள்ளும் பாதுகாப்புத் தெளிப்பான்களைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு: அவை மங்குவதைத் தள்ளிப்போடலாம், ஆனால் மீண்டும் மீண்டும் அடிக்க வேண்டியிருக்கும், சிலவகைத் துணி இலைகளில் செயற்கைப் பளபளப்பையும் விட்டுச்செல்லும்.

உண்மைச் செடி இல்லாவிட்டால் காற்றின் தூய்மை போய்விடுமே என்ற கவலையை நீங்கள் விட்டுவிடலாம். 1989-இல் வெளியான நாசா ஆய்வு, மூடிய சிறு கூண்டுகளுக்குள் செடிகள் பென்சீன், ஃபார்மால்டிகைடு போன்ற ஆவிகளைக் குறைத்ததைக் காட்டியது; அதை வீட்டு அறைகளுக்கும் நீட்டிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. 2019-இல் கம்மிங்ஸ், வாரிங் என்ற ஆய்வாளர்கள் இத்தகைய சோதனைகளை ஒன்றாகத் தொகுத்துக் கணக்கிட்டபோது, கட்டடத்தின் இயல்பான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகளைக் கொண்டு செய்ய வேண்டுமானால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டியிருக்கும் என்று தெரிந்தது. சன்னலைத் திறந்து வைப்பது அதைவிட எளிது. மன அமைதி பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. 1984-இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைக்குப் பின் சன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினார்கள். அது வெளியே நின்ற உண்மையான மரங்களைப் பற்றியது. அதை பிளாஸ்டிக் செடிக்கும் பொருத்திச் சொல்லும் விளம்பரங்களை நான் ஏற்பதில்லை.

பொருளின் பாதுகாப்பில் பி.வி.சி. பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. அதை நெகிழ வைக்கத் தாலேட்டுகளும், நிலைப்படுத்தக் காரீயச் சேர்மங்களும் பயன்படுத்தப்பட்டு வந்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் இரண்டையும் கட்டுப்படுத்தியிருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் பிளாஸ்டிக் வாடை வந்து, சில நாள் காற்றோட்டத்திலும் போகாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாலிஎத்திலீன் என்று தெளிவாகக் குறிப்பிட்டிருப்பதைத் தேடி வாங்குவது மேல். தீயைப் பொறுத்தவரை பாலிஎத்திலீனும் பாலியெஸ்டரும் எரியக்கூடியவை, பி.வி.சி. எளிதில் தீப்பற்றாது, ஆனால் எரிந்தால் ஹைட்ரசன் குளோரைடு என்னும் அரிக்கும் வாயுவை வெளியிடும். எதுவாயினும் அடுப்பு, மெழுகுவத்தி, சூடாகும் விளக்கு ஆகியவற்றிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

பூனை விஷயத்தில் செயற்கைச் செடிக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. லில்லி வகைகள் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்; மான்ஸ்டெரா, டீஃபன்பேக்கியா, மணி பிளான்ட் ஆகியவற்றில் உள்ள கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி போன்ற நுண்படிகங்கள் வாயைப் புண்ணாக்கும். இவற்றையெல்லாம் போலியாக வைப்பதில் அந்த ஆபத்து இல்லை. மேலே சொன்ன உண்மை மணி பிளான்டுக்கு அது உண்டு என்பதால், அதை உங்கள் வீட்டில் பூனைக்கு எட்டாமல் தொங்கவிடவே வேண்டும். ஆனால் பூனை பிளாஸ்டிக் இலையை மென்று விழுங்கினால் அது செரிக்காது, குடலை அடைத்து அறுவை வரை கொண்டுபோகலாம். கடித்த இலைக்குள்ளிருந்து கம்பியும் நீட்டிக்கொண்டிருக்கும். புல் போன்ற மெல்லிய, நீண்ட இலைகளையே பூனைகள் அதிகம் கடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வகையைத் தவிருங்கள். பூனை சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது, இலையில் பல் தடம் இருக்கிறது என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாகத் தூசி. பிளாஸ்டிக் உராய்வினால் நிலைமின்னூட்டம் பெற்றுத் தூசியை இழுப்பதால், செயற்கைச் செடி தானாகச் சுத்தமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். தூசி படிந்த இலைதான் அதை எல்லாவற்றையும்விட வேகமாகக் காட்டிக்கொடுக்கும். வாரம் ஒருமுறை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை மைக்ரோஃபைபர் துணியை மிதமான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்து, இலையின் இரு பக்கமும் துடையுங்கள். துணி இலைகளை நீரில் ஊறவைக்காதீர்கள்: பசை இளகும், கம்பி துருப்பிடிக்கும், சாயம் கசியும். அசிட்டோன், சாராயக் கரைசல் போன்றவற்றைத் தொடவே வேண்டாம். வாங்கிய செடி சில ஆண்டுகளில் வெளிறிவிட்டால், உடனே தூக்கிப் போடாமல் வெளிறிய கிளைகளை வெட்டி எடுத்துவிட்டு எஞ்சியதைச் சிறு தொட்டியில் வைக்கப் பாருங்கள். பிளாஸ்டிக், துணி, கம்பி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பெரும்பாலான மறுசுழற்சி நிலையங்கள் இவற்றை எடுத்துக்கொள்வதில்லை.